உப்புக் காற்றில் ஒரு ஸ்பிளெண்டர்

வண்டியோடு தரும் புத்தகத்தில் பராமரிப்பு எல்லாம் கிலோமீட்டர் கணக்கில்தான் இருக்கும். இத்தனை கிலோமீட்டர் ஓடினால் ஆயில், இத்தனைக்கு பிளக், இத்தனைக்கு ஃபில்டர். தூத்துக்குடியில் அந்தக் கணக்கு பாதிதான் செல்லும். இங்கே வண்டி ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவது அதிகம். கொஞ்ச நாள் வெளியூர் போய்விட்டு வந்து பாருங்கள், மீட்டரில் ஒரு எண்கூட மாறியிருக்காது. செயினும் ஸ்போக்ஸும் மட்டும் பழுப்பேறி நிற்கும். அதனால் நான் மீட்டரை நம்பி வேலை பார்ப்பதில்லை. காலண்டரைத்தான் பார்க்கிறேன், அதுவும் தமிழ்க் காலண்டரை. தை பிறந்ததிலிருந்து உப்பு, ஆனி ஆடியில் மண், ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர். வண்டிக்கு இந்த மூன்றும்தான் எதிரி. ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டிய வேலை வேறு.

என்னுடையது ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர் பிளஸ், 2009 மாடல். ஹீரோவும் ஹோண்டாவும் பிரிவதற்கு முன்னால் வந்தது, அதனால் டேங்கில் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்தே இருக்கிறார்கள். 97.2 சிசி, கார்புரேட்டர், முன்னும் பின்னும் டிரம் பிரேக், ஸ்போக்ஸ் வீல். முள்ளக்காடு பக்கம் ஓர் உப்பளத்தில் கணக்கு எழுதுகிறேன். தினமும் திருச்செந்தூர் ரோட்டில் போய், கடைசித் துண்டு பாத்திகளுக்கு நடுவே வரப்புப் பாதையில் போக வேண்டும். வண்டி நிற்கிற இடம் அம்பாரத்துக்கு, அதாவது குவித்து வைத்த உப்பு மலைக்குப் பக்கம். லாரியில் உப்பு ஏற்றும்போது பறக்கிற பொடியில் பாதி என் வண்டிமேல்தான் உட்காரும். "இத வித்துட்டு வேற எடுங்க" என்று சொல்லாத ஆள் கிடையாது. புது வண்டி வாங்கினாலும் அதே அம்பாரத்துப் பக்கத்தில்தானே நிறுத்தப்போகிறேன்?

முதலில் உப்பு என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். காய்ந்த உப்பு இரும்பை ஒன்றும் செய்யாது, ஈரம் வேண்டும். அந்த ஈரத்தை உப்பே காற்றிலிருந்து இழுத்துக்கொள்ளும் என்பதுதான் பிரச்சினை. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு நீர்விட ஆரம்பித்துவிடும். கடலோர ஊரில் ராத்திரி அந்த அளவை எட்டுவது பெரிய விஷயமே இல்லை. அளத்தில் இன்னொரு சனியனும் உண்டு. உப்பு வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சுகிற கசப்புத் தண்ணீரில் மெக்னீசியம் குளோரைடு இருக்கிறது. அதற்கு 33 சதவீத ஈரப்பதமே போதும். அதாவது நட்டநடு வெயிலில்கூட அது முழுசாகக் காயாது. வரப்புச் சேறு தெறித்து மட்கார்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் அல்லவா, அதைத் தொட்டுப் பாருங்கள். மேலே வெள்ளையாகக் காய்ந்திருக்கும், நகத்தால் கீறினால் உள்ளே பிசுபிசுக்கும். அந்தப் பிசுபிசுப்புக்குக் கீழேதான் துரு ராப்பகலாக வேலை செய்கிறது.

ஆகவே இந்த ஊரில் வண்டிப் பராமரிப்பு என்பதில் பாதி, கழுவுவதுதான். அதையும் எந்தத் தண்ணீரில் கழுவுகிறோம் என்பதில் விஷயம் இருக்கிறது. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் போர்வெல் இருக்கிறது, எல்லாமே உவர். அந்தத் தண்ணீரில் கழுவி வெயிலில் விட்டால் டேங்க் மேல் வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கும். உப்பை உப்பால் கழுவுகிற வேலை அது. வாட்டர் வாஷ் கடைகளிலும் பெரும்பாலும் போர் தண்ணீர்தான். நுரை போட்டுப் பளபளவென்று தருவார்கள், பிரஷரில் அந்த உவர்த் தண்ணீர் பேரிங்குக்குள்ளும் ஒயர் உறைக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்ளும். நான் போர் தண்ணீரில் சேற்றையெல்லாம் ஊறவைத்து எடுத்துவிட்டு, கடைசியாக ஒரு வாளி கார்ப்பரேஷன் தண்ணீர் ஊற்றுவேன். வல்லநாட்டிலிருந்து குழாயில் வருகிற தாமிரபரணித் தண்ணீர்.

"குடிக்கத் தண்ணி பிடிச்சு வச்சா, வண்டிக்கு ஊத்துதீய. ஆத்துத் தண்ணியில வண்டி குளிக்கிறது இந்தத் தெருவுலயே நம்ம வீட்டுலதான்" என்பாள் வீட்டில். நியாயமான கோபம்தான். அதனால் இப்போது வாளியிலிருந்து அப்படியே கவிழ்ப்பதில்லை, பழைய பூச்சிமருந்து அடிக்கிற கைப்பம்பு மாதிரி புதிதாக ஒன்று வாங்கி, அதில் நிரப்பி அடிக்கிறேன். அரை வாளியில் முடிந்துவிடுகிறது. மட்கார்டு உள்பக்கம், பின் சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங் ஆர்ம் அடிப்பக்கம், சைலன்சர் முழங்கை, சென்டர் ஸ்டாண்ட் ஸ்பிரிங். இந்த நாலு இடமும் நனைந்தால் போதும். சீட்டும் டேங்கும் அழுக்காக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

கழுவி முடித்ததும் அப்படியே ஸ்டாண்டில் நிறுத்திவிடாமல் தெருவைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓட்டி, பிரேக்கை நாலு தடவை பிடித்துவிட்டு வருவது நல்லது. டிரம்முக்குள் போன ஈரம் சூட்டில் காய்ந்துவிடும்.

அடுத்து செயின். ஸ்பிளெண்டரில் செயினை முழுசாக மூடி ஒரு தகரக் கவர் இருக்கிறது. மண்ணுக்கும் மழைக்கும் நல்ல பாதுகாப்பு, சேலைத் தலைப்புக்கும் பாதுகாப்பு. உப்புப் பொடிக்கு மட்டும் அது தடையில்லை. உள்ளே போனது வெளியே வர வழியும் இல்லை. செயின் கண்ணில் படாததால் யாரும் அதை நினைப்பதும் இல்லை. கவரில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதைக் கழற்றிவிட்டு விரலைவிட்டு செயினைத் தூக்கிப் பார்த்து 'டைட்டாத்தான் இருக்கு' என்று மூடிவிடுகிறார்கள். அது செயினின் இறுக்கத்தைத்தான் சொல்லும், உடல்நிலையைச் சொல்லாது.

நான் கவரையே கழற்றிவிடுவேன். 10 நம்பர் ஸ்பேனர் போதும். வண்டி சென்டர் ஸ்டாண்டில், கியர் நியூட்ரலில், சாவி கையில். இஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுற்றுகிற செயினைத் துணியால் துடைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். செயின் ஓடுகிற பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டுக்கும் செயினுக்கும் நடுவில் துணி போனால் பின்னாடியே விரலும் போகும். சக்கரத்தைக் கையால் சுற்றினாலே போதும்.

செயின் லாக்கின் கிளிப்பைக் கட்டிங் பிளையரால் தள்ளி எடுத்து, செயினை உருவி, ஒரு பழைய டிரேயில் டீசலில் போடுவேன். முன்பெல்லாம் ரேஷன் மண்ணெண்ணெய். இப்போது அதைத் தேடி அலைவதற்கு டீசலே மேல். பெட்ரோல் கூடாது. சட்டென்று காய்ந்துவிடும், அழுக்கு இளகாது, தீப்பிடிக்கிற ஆபத்து வேறு. ஊறிய பிறகு பழைய டூத் பிரஷ்ஷால் ஒவ்வொரு கண்ணியாகத் தேய்க்கும்போதுதான் உப்பு என்ன செய்திருக்கிறது என்பது தெரியும். நல்ல கண்ணி, கையில் பிடித்தால் தன் எடைக்கே தொங்கும். உப்பு பிடித்த கண்ணி மடங்கின கோணத்திலேயே விறைத்து நிற்கும். அதை இரண்டு பக்கமும் அசைத்து அசைத்துவிட்டால் உள்ளேயிருந்து காவிநிறத்தில் கசிவு வரும். அது வருவது நிற்கும்வரை அசைக்க வேண்டும். அசைத்தும் இளகாத கண்ணி ரெண்டு மூன்று இருந்தால் மேற்கொண்டு மெனக்கெட வேண்டாம். செயின், முன் ஸ்பிராக்கெட், பின் ஸ்பிராக்கெட் மூன்றையும் செட்டாகவே மாற்றிவிடலாம். பழைய பல்லில் புதுச் செயினைப் போட்டால் புதுசும் சீக்கிரமே பழசாகிவிடும்.

தேய்மானம் பார்க்க இன்னொரு வழி உண்டு. செயின் மாட்டியிருக்கும்போது பின் ஸ்பிராக்கெட்டின் கடைக்கோடியில் செயினைப் பிடித்து வெளியே இழுத்துப் பாருங்கள். பல்லை ஒட்டியே நின்றால் சரி. பல்லின் பாதி உயரம் தெரிகிற அளவுக்கு விலகி வந்தால் ஆயுள் முடிந்தது.

திரும்ப மாட்டும்போது கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடுகிற திசையைப் பார்த்திருக்க வேண்டும். பிளவுபட்ட முனை முன்னால் இருந்தால் எங்காவது தட்டி, கழன்று விழ வாய்ப்புண்டு. எண்ணெய்க்கு 90 நம்பர் கியர் ஆயில். செயினின் கீழ் ஓட்டத்தில், உள்பக்கமாக, தகடும் ரோலரும் சேர்கிற இடுக்கில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ராத்திரி செய்துவிட்டு, காலையில் மேலே வழிந்ததைத் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். உள்ளே போனதுதான் வேலை செய்யும். மேலே நிற்கிற எண்ணெய் உப்புப் பொடியைப் பிடித்துவைக்கத்தான் உதவும். செயின் ஸ்பிரேயும் நல்லதுதான், விலை மட்டும்தான் உறுத்துகிறது. டபிள்யூடி-40 அடித்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு: அது ஈரத்தை விரட்டும், துருவை இளக்கும், செயினுக்கு எண்ணெயாக நிற்காது. அப்புறம் அந்தக் கழிவு ஆயில் பழக்கம். இஞ்சினிலிருந்து வடித்த கறுப்பு ஆயிலைச் செயினுக்கு ஊற்றுவது நம் ஊரில் பரம்பரை வழக்கம். அதில் தேய்ந்த இரும்புத் துகளும் கரியும் இருக்கிறது. மூடின கவருக்குள் அதையும் உப்பையும் சேர்த்து அரைக்கவிடுவதற்குப் பதில் சும்மாவே விட்டுவிடலாம்.

இறுக்கம், கீழ் ஓட்டத்தின் நடுவில் இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டர் ஆட வேண்டும். சக்கரத்தைச் சுற்றி மூன்று நாலு இடங்களில் பார்த்து, எங்கே அதிகம் இறுகுகிறதோ அந்த இடத்தை வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். விறைப்பாக வைத்தால் சத்தம் வராது என்று சிலர் முறுக்கிவிடுவார்கள். பின்னால் ஒருத்தர் உட்கார்ந்ததும் ஸ்விங் ஆர்ம் நகர்ந்து செயின் இன்னும் இறுகும். அந்த இழுப்பை கியர் பாக்ஸிலிருந்து வெளியே வருகிற ஷாஃப்டும் பேரிங்கும் தாங்க வேண்டும். அட்ஜஸ்டரில் இரண்டு பக்கக் கோடும் சமமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆக்சில் நட்டை முறுக்கிவிடுங்கள். சக்கரம் நகர்ந்ததால் பின் பிரேக்கின் அளவும் மாறியிருக்கும். அதையும் அப்போதே திருகிச் சரிசெய்யாமல் வண்டியை எடுக்கக்கூடாது.

செயினுக்கு அடுத்தபடி உப்பு தின்பது ஒயர்களை. கிளட்ச் ஒயர், முன் பிரேக் ஒயர், ஆக்சிலேட்டர் ஒயர். வெளியே கறுப்பு உறை நன்றாகவே இருக்கும். உள்ளே இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டிருக்கும். லீவர் பக்கம், ஈயக் குண்டு உட்காருகிற இடத்தில் ரப்பரை விலக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். ஓர் இழை பிரிந்து முள்ளாக நிற்கிறது என்றால் மாற்றிவிட வேண்டியதுதான், எண்ணெய் விட்டுப் பயனில்லை. இழை நன்றாக இருந்தால், ஒயரின் மேல்முனையைக் கழற்றி, பாலித்தீன் பையின் ஒரு மூலையை வெட்டி, அதில் ஒயர் முனையைச் செருகி, ரப்பர் பேண்டால் இறுகக் கட்டி, பைக்குள் கொஞ்சம் இஞ்சின் ஆயில் ஊற்றி ஹேண்டிலில் தொங்கவிட்டுவிடுவேன். ராத்திரியோடு இறங்கிக் கீழ்முனையில் சொட்ட ஆரம்பிக்கும். முதல் சில சொட்டு காவியாக வரும், பிறகு தெளியும். இந்த வேலைக்குச் செலவு என்று ஒன்றுமே இல்லை. செய்த மறுநாள் கிளட்ச் பிடிக்கும்போது மணிக்கட்டுக்கே வித்தியாசம் தெரியும்.

எங்கள் மெக்கானிக் அண்ணாச்சி வேறொன்று சொல்வார். "அளத்து வண்டிய தூரத்துலயே கண்டுபிடிச்சிருவேன். மத்த வண்டியில இஞ்சின் சத்தம் வரும், அளத்து வண்டியில ஸ்டாண்டு தொங்குத சத்தம் வரும்." ஸ்டாண்ட் ஸ்பிரிங், கிக்கர் மடங்குகிற இடம், பின் பிரேக் பெடல் பின், ஃபுட்ரெஸ்ட். இவற்றுக்கெல்லாம் ஒரு விரல் கிரீஸ். போல்ட் எதைக் கழற்றினாலும் திரும்ப மாட்டுமுன் மரையில் லேசாகக் கிரீஸ் தடவுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். இஞ்சின் பாடி அலுமினியம், போல்ட் இரும்பு. நடுவில் உப்புத் தண்ணீர் சேர்ந்தால் அலுமினியம் அரித்து போல்ட்டைக் கவ்விக்கொள்ளும். அடுத்த முறை ஸ்பேனர் போட்டால் தலை மட்டும் தனியாக வரும். பேட்டரி டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் சுடுதண்ணீரில் ஆப்பசோடா கரைத்து பிரஷ்ஷால் தேய்த்து, காய்ந்ததும் வாசலின் தடவிவிடலாம். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில்.

ஆனி பிறந்ததும் காற்று திரும்பிவிடும். மேற்கேயிருந்து காய்ந்த காற்று. ஆடி முடிகிறவரை ஊரெல்லாம் மண் பறக்கும். மாமியார் வீடு உடன்குடியில். அந்தப் பக்கம் தேரிக்காட்டுச் செம்மண்ணைச் சொல்ல வேண்டியதில்லை. கருப்பட்டி வாங்கப் போய்விட்டு வந்தால் வண்டி, சட்டை, கருப்பட்டி மூன்றும் ஒரே நிறத்தில் இருக்கும். இந்த இரண்டு மாதத்துக்கு ஏர் ஃபில்டர்தான் முக்கியம். சைடு கவரைக் கழற்றி, பெட்டியைத் திறந்து, காகித மடிப்பை வெளியே எடுத்து, உள்ளங்கையில் தட்டினாலே செம்மண் உதிரும். காற்று அடிப்பதானால் உள்ளிருந்து வெளியே அடிக்க வேண்டும். வெளியேயிருந்து அடித்தால் மண் காகிதத்துக்குள் ஏறிக்கொள்ளும். தண்ணீர், பெட்ரோல் எதிலும் கழுவக்கூடாது. இப்போது வருகிற வண்டிகள் சிலவற்றில் எண்ணெய் பூசின ஃபில்டர் வருகிறது, தொட்டால் ஒட்டும். அதைத் தட்டவும் வேண்டாம், ஊதவும் வேண்டாம், கெடு வந்தால் மாற்றிவிட வேண்டியதுதான். ஃபில்டரை எடுத்த பிறகு பெட்டியின் உள்சுவரை, கார்புரேட்டருக்குப் போகிற வாய்ப் பக்கத்தை விரலால் துடைத்துப் பாருங்கள். அங்கே மண் ஒட்டினால் ஃபில்டர் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். ஃபில்டரைத் தாண்டின மண் நேராக சிலிண்டருக்குத்தான் போகும்.

மண் காலம் முடிந்ததும் ஆயில் மாற்றுவேன். மெக்கானிக்குகள் 2000 கிலோமீட்டர் என்பார்கள், புத்தகம் அதைவிடத் தாராளமாகச் சொல்லும். எனக்கு ஆவணியில் ஒன்று, மழை முடிந்து தையில் ஒன்று என்பது தோதாக இருக்கிறது. தடிமன் 10டபிள்யூ-30, பாட்டிலில் ஜேஏஎஸ்ஓ எம்ஏ என்ற பைக் ஆயில் குறி இருக்க வேண்டும். இந்த இஞ்சினில் கிளட்ச் தட்டுகள் அதே ஆயிலுக்குள்தான் மூழ்கிக் கிடக்கின்றன. கார் ஆயிலில் வழுக்கலுக்காகச் சேர்க்கிற மருந்து கிளட்சையும் வழுக்கவைத்துவிடும். ஆக்சிலேட்டர் முறுக்கினால் சத்தம் ஏறும், வண்டி ஏறாது.

இஞ்சினை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, இளஞ்சூட்டில் வடிக்க வேண்டும். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், கை வெந்துவிடும். அடியில் இருக்கும் டிரெய்ன் போல்ட்டுக்கு 17 நம்பர். கழற்றியதும் அந்தப் போல்ட்டை வெயிலில் பிடித்துப் பார்ப்பது என் பழக்கம். மெல்லிய சாம்பல் பூச்சு இருந்தால் கவலையில்லை, கையில் நெருடுகிற துண்டு இருந்தால் அண்ணாச்சியிடம் போக வேண்டும். வாஷர் நசுங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள், அஞ்சு பத்து ரூபாய் சமாச்சாரம். போல்ட்டை மாட்டும்போது வீரம் காட்டக்கூடாது. அலுமினிய மரை, ஒரு தடவை போனால் செலவு பெரிது. ஆயில் ஊற்றிய பிறகு டிப்ஸ்டிக்கைத் துடைத்து, மரையில் திருகாமல் சும்மா உட்காரவைத்து எடுத்துத்தான் அளவு பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் குச்சி கூடுதலாக இறங்கி, குறைவான ஆயிலையே நிறைவாகக் காட்டும். அளவு பார்க்கும்போது வண்டி சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருந்தாலும் கணக்கு தப்பும்.

இந்த வண்டியில் தனியாக மாற்றுகிற காகித ஆயில் ஃபில்டர் கிடையாது. கடைக்காரர் ஒன்றை நீட்டினால் வாங்காதீர்கள். சுழலுகிற ஒரு ரோட்டர் கசடை ஓரத்துக்குத் தள்ளிப் பிடித்துவைக்கும், கூடவே ஒரு சல்லடை. அதைத் திறக்க வலது பக்க இஞ்சின் கவரையே கழற்ற வேண்டும், நான் அதில் கைவைப்பதில்லை. காலி பாட்டிலைத் தூக்கிப்போடுமுன் கத்தியால் கிழித்துவிடுங்கள், இல்லையென்றால் அது எங்கேயோ போய் வேறு ஆயிலோடு திரும்பிவரும். வடித்த ஆயிலை கேனில் சேர்த்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடலாம், பழைய ஆயில் எடுக்கிறவர் அங்கே வருவார். சாக்கடையில் ஊற்ற வேண்டாம்.

டயரில் காற்று, முன்னால் 25 பிஎஸ்ஐ, பின்னால் 28, தனியாக ஓட்டும்போது. காலையில் டயர் சூடேறுமுன் பார்க்க வேண்டும். பிரேக் டிரம் தட்டில் ஓர் அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுசாகப் பிடிக்கும்போது அது குறியைத் தொட்டுவிட்டால் ஷூ மாற்ற வேண்டும். டிரம்மைத் திறந்தால் உள்ளே இருக்கிற தூளை வாயால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

மழை. 2023 டிசம்பர் 17, 18-ஐ இந்த ஊர்க்காரர்கள் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். எங்கள் தெருவில் நின்ற வண்டிகளெல்லாம் சீட் வரைக்கும் தண்ணீரில். வடிந்ததும் முதல் வேலையாக ஆளுக்கு ஆள் கிக்கரை மிதிக்க ஆரம்பித்தார்கள். மூழ்கின வண்டியில் செய்யக்கூடாத ஒரே காரியம் அதுதான். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் அதை அழுத்த முடியாது. காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது. பிஸ்டனைத் தள்ளுகிற கனெக்டிங் ராட்தான் வளையும்.

முதலில் பிளக்கைக் கழற்ற வேண்டும். ஸ்பிளெண்டரின் சிலிண்டர் கிட்டத்தட்டப் படுக்கையாக இருப்பதால் பிளக்கை எட்டுவது சுலபம். பிளக் இல்லாமல் கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்தினால் உள்ளே இருக்கும் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வரும். பிறகு ஆயில். எங்கள் தெருவில் வடித்த ஆயில் எல்லாமே பால் ஊற்றின காப்பி நிறம். தண்ணீர் கலந்தால் அந்த நிறம்தான். கார்புரேட்டரின் அடியில் இருக்கும் திருகை இளக்கி, கிண்ணத்தில் நிற்பதை வடித்துவிட வேண்டும். டேங்க் பெட்ரோலையும் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வைத்துப் பாருங்கள், தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும். நனைந்த ஏர் ஃபில்டரைத் தூக்கிப் போட்டுவிடலாம். விலை குறைந்த ஆயில் ஊற்றி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அதையும் வடித்து, நிறம் தெளிகிறவரை திரும்பச் செய்து, பிறகே நல்ல ஆயில். அந்த வாரம் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் நிற்க இடமில்லை. ஸ்பேனர் பெட்டி வைத்திருந்த குற்றத்துக்காக நான் தெருவில் பாதி வண்டிக்கு ஆயில் வடித்துக் கொடுத்தேன். ஒரு அக்கா மகளுடைய ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, "தம்பி, இதுக்கும் அந்தக் காப்பிய எடுத்துவிடுங்க" என்றார்.

வண்டி ஓட ஆரம்பித்தாலும் வேலை முடியவில்லை. வெள்ளத்துச் சேறு டிரம், வீல் பேரிங், ஸ்டீயரிங் பந்து எல்லாவற்றிலும் இருக்கும். அதையும் ரோட்டரையும் அண்ணாச்சி திறந்து பார்த்துத்தான் தந்தார். டேப்பெட் என்கிற வால்வு இடைவெளி, கார்புரேட்டர் டியூனிங், ஃபோர்க் சீல், பேரிங் இதெல்லாம் எப்போதும் அவர் கணக்கு. காதில் கேட்டே டேப்பெட் பார்க்கிற ஆளிடம் நான் போய் இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜை நீட்டிக்கொண்டிருக்க முடியாது.

கடைசியாக, பழைய வண்டி வைத்திருக்கிற எல்லோருக்கும் ஒன்று. 15 வருடம் முடிந்தால் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும், எனக்கு 2024-ல் வந்தது. அப்போது சேசிஸ் நம்பர்மேல் காகிதத்தை வைத்து பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்பார்கள். ஸ்பிளெண்டரில் அந்த நம்பர் ஹேண்டில் கழுத்தில், வலது பக்கம் குத்தியிருக்கும். முன் சக்கரத்துச் சேறு நேராக அடிக்கிற இடம் அதற்கு வெகு பக்கம். துருவேறி எழுத்து மழுங்கிவிட்டால் அப்புறம் கடிதம், விளக்கம் என்று அலைச்சல்தான். உப்புத் தாள் போட்டுத் தேய்த்தால் நம்பரை அழிக்கப் பார்த்தீர்களா என்று வேறு கேள்வி வரும். துணியில் டீசல் தொட்டுத் துடைத்து, மேலே ஒரு பூச்சு கிரீஸ் போட்டு வைத்துவிட்டால் ஒரு வருடம் தாங்கும். எனக்கு அச்சு தெளிவாக விழுந்தது. பசுமை வரி கட்டி, அஞ்சு வருடத்துக்குக் கையெழுத்து வாங்கி வந்தாயிற்று. அடுத்தது 2029.